வீட்டிலேயே பிரெட் சுட்டால் எவ்வளவு மிச்சமாகும்?

வீட்டில் நாலு பேர், வாரத்துக்கு மூன்று பாக்கெட் பிரெட் தீர்கிறது, 7,500 ரூபாயில் ஓ.டி.ஜி. என்கிற சின்னக் கரண்ட் அடுப்பு ஒன்று வாங்கி வீட்டிலேயே சுட்டால் கட்டுப்படியாகுமா, வாங்கினால் எந்த அளவு வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது நீங்கள் வாங்குகிற அதே சாதா வெள்ளை பிரெட்டைத்தான் வீட்டிலும் சுடப்போகிறீர்கள் என்றால், அடுப்புக்குப் போட்ட பணம் திரும்பி வரவே இரண்டரை, மூன்று வருஷம் ஆகும். பன், பால் பிரெட், முழுக் கோதுமை பிரெட் என்று போனால் கணக்கு வேறு. அங்கே உண்மையிலேயே பணம் மிஞ்சும். எது, ஏன், எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நான் போடும் விலைகள் எங்கள் பகுதிக் கடை விலைகள், சுமாரானவை. உங்கள் ஊர் விலையை அதில் வைத்துப் பாருங்கள், முறை ஒன்றுதான்.

கடையில் வழக்கமாகக் கிடைக்கும் பாக்கெட் 400 கிராம். அந்த எடைக்கு வீட்டில் 250 கிராம் மைதா, 160 மில்லி தண்ணீர், சர்க்கரை 10 கிராம், எண்ணெய் 10 கிராம், உப்பு 5 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 4 கிராம் போதும். பிசைந்த மாவு 440 கிராம் இருக்கும். அடுப்பில் ஈரம் போனபின் 390 முதல் 400 வரை நிற்கும். மைதா கிலோ 50 ரூபாய் என்றால் மாவுக்கு 12.50. எண்ணெய், சர்க்கரை, உப்பு மூன்றும் சேர்ந்து இரண்டரை ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

அடுத்தது ஈஸ்ட். பலருக்குக் கணக்கு உதைப்பது இங்கேதான். மளிகைக் கடையில் தொங்கும் 25 கிராம் சின்னப் பாக்கெட்டை 50 ரூபாய் கொடுத்து வாங்கினால் கிராமுக்கு இரண்டு ரூபாய் விழுகிறது. ஒரு பிரெட்டுக்கு ஈஸ்ட்டே 8 ரூபாய். அதே சரக்கு பேக்கரிகளுக்குப் பொருள் கொடுக்கும் கடையில் அரைக்கிலோப் பொட்டலமாக 300 ரூபாய் சுற்றளவில் கிடைக்கும். கிராமுக்கு 60 பைசா. ஒரு பிரெட்டுக்கு இரண்டரை ரூபாய் கூட ஆகாது. மாவுக்கு அடுத்தபடி பெரிய செலவு ஈஸ்ட் என்பதால், இந்த ஒரு கொள்முதலை மாற்றினாலே மிச்சத்தில் நாலில் ஒரு பங்கு கூடிவிடும். அரைக்கிலோவை எப்படித் தீர்ப்பது என்று பயப்பட வேண்டாம். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் வீரியம் குறையாது. தேவையான அளவை மட்டும் ஈரமில்லாத ஸ்பூனால் எடுத்துவிட்டு உடனே மூடி வையுங்கள். ஈரம்தான் அதற்கு எதிரி.

ஆக, பொருள் செலவு 17 ரூபாய். கரண்டுக்கு ஐந்திலிருந்து ஏழு ரூபாய். 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடையில் 45 ரூபாய். ஒரு பிரெட்டுக்கு 20 ரூபாய் மிச்சம். ஆனால் வீட்டில் சுடும்போது யாரும் எண்ணெயோடு நிறுத்துவதில்லை. வெண்ணெய் 10 கிராம் போட்டால் 6 ரூபாய், தண்ணீரில் பாதிக்குப் பால் ஊற்றினால் 4 ரூபாய், ஈஸ்ட் சின்னப் பாக்கெட் என்றால் இன்னும் 5, 6 ரூபாய். செலவு 40-ஐ நெருங்கிவிடும். அதைக் கடையின் சாதா பிரெட்டோடு ஒப்பிட்டு "ஒன்றும் மிஞ்சவில்லையே" என்று வருத்தப்படக் கூடாது, ஏனென்றால் அது சாதா பிரெட்டே இல்லை. எந்தப் பிரெட்டைச் சுடுகிறோமோ அதே தரத்தில் கடையில் இருப்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

வாரம் மூன்று என்றால் மிச்சம் 60 ரூபாய், வருஷத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். அடுப்பு 7,500, இரண்டு டின் 600, எடை போடும் சின்னத் தராசு 400. மொத்தம் 8,500 ரூபாய் முதல். அதனால்தான் இரண்டரை, மூன்று வருஷம் என்றேன். கேக், பிஸ்கட் சுடவும் மற்ற சமையலுக்கும் அடுப்பு எப்படியும் வீட்டுக்கு வரப்போகிறது என்றால் அதன் விலையை முழுவதுமாகப் பிரெட் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. பிரெட்டுக்காக மட்டுமே வாங்குகிறீர்கள் என்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

கடைப் பிரெட் இவ்வளவு மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய ஆலையில் அடுப்பு அணைவதே இல்லை. டின்கள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெந்து வருகின்றன. நாம் ஒவ்வொரு முறையும் வெறும் அடுப்பைச் சூடேற்றச் செலவழிக்கும் கரண்ட் அங்கே கிடையாது. மாவு லாரிக் கணக்கில் ஆலையிலிருந்து நேராக வருகிறது. 1961-ல் இங்கிலாந்தின் சோர்லிவுட் ஆய்வுக்கூடத்தில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். மாவை அதிவேக இயந்திரத்தில் சில நிமிஷம் அடித்துவிட்டால் மணிக்கணக்கில் புளிக்கவிடத் தேவையில்லை. அதிலிருந்து உலகம் முழுக்க ஆலைப் பிரெட்டின் நேரமும் கூலியும் சரிந்தன. நம் நாட்டில் பிரெட்டைப் பொதுமக்கள் உணவாக்க 1965-ல் மத்திய அரசே மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியது. 2000-ல்தான் அது இந்துஸ்தான் லீவருக்குப் போனது. வரியும் கடைப் பிரெட் பக்கமே சாய்கிறது. பிரெட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. நீங்கள் சுடுவதற்கு வாங்கும் மாவு, முன்பே அடைத்து லேபிள் ஒட்டிய பாக்கெட்டாக இருந்தால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரிக்குள் வந்துவிட்டது. சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் மாவுக்கும், கோதுமை வாங்கி மில்லில் அரைக்கும் மாவுக்கும் அந்த வரி கிடையாது. இப்படி எல்லாச் சாதகமும் உள்ள ஒரு பண்டத்தோடு விலையில் மோதினால் நமக்கு மிஞ்சுவது சில்லறைதான்.

இலங்கையில் இருக்கும் சொந்தக்காரர்கள் இதே கேள்வியைக் கேட்டால் நான் இன்னும் தயங்குவேன். அங்கே பாண் என்று சொல்லும் பிரெட்தான் தினச் சாப்பாடு. ஒரு பாண் 450 கிராம் என்று விதியே உண்டு. ஊர்ப் பேக்கரியின் போறணை என்கிற பெரிய அடுப்பில் சுட்டது முச்சக்கர வண்டியில் வாசலுக்கே வருகிறது. அந்த வேகத்தில் விற்றுத் தீர்கிற சாதாப் பாணை வீட்டில் சுட்டு மிச்சம் பிடிப்பது இன்னும் கஷ்டம்.

கரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டு ஈ.பி. கணக்கு நேர்கோடாகப் போவதில்லை. 1,600 வாட் ஓ.டி.ஜி.யைப் பதினைந்து நிமிஷம் சூடேற்றி அரைமணி நேரம் சுட்டால் முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை ஓடும். சூடு ஏறியதும், சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட் கம்பியை விட்டுவிட்டுத்தான் எரியவிடும், அதனால் முழு வாட்டேஜையும் நேரத்தால் பெருக்கிப் பயந்துவிட வேண்டாம். இந்த ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்பது இரண்டு மாத ரீடிங்கில் உங்கள் வீடு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் திருத்திய விகிதப்படி, மொத்தம் 500-க்குள் இருக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 400 வரை 4.80, 500 வரை 6.45. ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும்; 101-லிருந்தே 4.80 போடுவார்கள். 500-க்கு மேல் உள்ள யூனிட்டுக்கு 8.55-லிருந்து தொடங்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்குப் பில் 1,840 ரூபாய். 501 ஓடினால் 2,093 ரூபாய். ஒரே யூனிட்டில் 250 ரூபாய்க்கு மேல் ஏறுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை அடுப்பு மூட்டினால் இரண்டு மாதத்தில் 17 யூனிட் கூடும். உங்கள் வழக்கமான ரீடிங் 350 என்றால் அந்த 17 யூனிட்டுக்கு 82 ரூபாய், கவலையே இல்லை. 490 என்றால் பிரெட்டே உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். இரண்டு மாத மிச்சமான 520 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈ.பி.க்குப் போய்விடும். கோடைக்காலத்தில் ஏ.சி. ஓடி ஏற்கெனவே 700, 800 என்று நிற்கும் வீட்டில் ஒவ்வொரு யூனிட்டும் 9.65. அடுப்பு வாங்கும் முன் கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்துப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். கரண்டைக் குறைக்க வழி ஒன்றே: ஒரு முறை சூடேற்றினால் இரண்டு டின் வைப்பது. நேரம் நாலைந்து நிமிஷம் கூடும், அவ்வளவுதான். பிரெட் ஒன்றுக்கு ஆகும் கரண்ட் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

இரண்டு பிரெட் சுட்டால் இரண்டையும் கெடாமல் சாப்பிட வேண்டுமே. மிச்சத்தைத் தின்னும் பெரிய ஓட்டை அடுப்போ மாவோ அல்ல, குப்பையில் போகும் துண்டுகள்தான். கடைப் பிரெட்டில் கால்சியம் ப்ரோப்பியோனேட் சேர்க்கிறார்கள். பொருள் பட்டியலில் 282 என்ற எண்ணாக இருக்கும். பூஞ்சை பிடிப்பதைத் தள்ளிப்போடும் அனுமதிக்கப்பட்ட பொருள் அது. வீட்டில் அது இல்லாததால் சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற ஈரக்காற்று ஊர்களில் மூன்றாம் நாளே பச்சைப் புள்ளி வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு பிரெட்டைத் தூக்கிப் போட்டால் ஒவ்வொன்றிலும் 8 ரூபாய் போயிற்று. 20 ரூபாய் மிச்சம் 12 ஆகிவிடும்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சை தாமதமாகும். ஆனால் பிரெட் வறண்டுபோகும். மாவுச்சத்து மறுபடி இறுகுவது அறை வெப்பத்தைவிட ஃப்ரிட்ஜின் குளிரில்தான் வேகமாக நடக்கிறது. அதனால் பிரெட்டுக்குச் சரியான இடம் இரண்டே. அன்றும் மறுநாளும் சாப்பிடுவதைத் துணியில் சுற்றி வெளியே வையுங்கள். மீதியை முழுக்க ஆறியதும் துண்டு போட்டு, உறையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது இரண்டு துண்டை எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போட்டால் அன்று சுட்டதுபோல் இருக்கும். சுட்ட சூட்டோடு துண்டு போட்டால் உள்ளே பிசுபிசுவென்று நசுங்கும், வீணாகும். ஒன்றரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

வீட்டுப் பிரெட் மறுநாளே கட்டியாகிவிடுகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்குக் காசு செலவில்லாத வழி உண்டு. எடுத்து வைத்த மாவிலிருந்து ஒரு கரண்டி, சுமார் 15 கிராம் எடுத்து, 75 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சின்னத் தீயில் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். 160 மில்லியில் இந்த 75-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். வெந்த மாவு தண்ணீரை நிறையப் பிடித்து வைத்துக்கொள்வதால் பிரெட் இரண்டு, மூன்று நாள் மெத்தென்று இருக்கும். ஆலைக்காரர்கள் பொடி வாங்கிச் சேர்த்துச் சாதிப்பதில் பாதியை இந்தக் கூழ் செய்துவிடும்.

இன்னொன்றும் நம் ஊருக்கே உரியது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய அளவுகளில் ஈஸ்ட் தாராளமாக இருக்கும். அவர்களுடைய சமையலறை 20, 22 டிகிரி. நம் சமையலறை மே மாதத்தில் 35. இட்லி மாவு கோடையில் எத்தனை மணி நேரத்தில் பொங்குகிறது, மார்கழியில் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். ஈஸ்ட் மாவும் அப்படியே. 4 கிராமுக்குப் பதில் 2 கிராம் போட்டு, பிசைய ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றினால் ஒன்றரை மணி நேரத்தில் அருமையாக உப்பும், ஈஸ்ட் வாடையும் இருக்காது, செலவும் பாதி. ஒரு கிராம் ஈஸ்ட்டோடு பிசைந்து இரவு முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்துவிட்டுக் காலையில் சுட்டால் ருசி இன்னும் நன்றாக வரும். சாதா பிரெட்டுக்கு ருசி கூட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, எங்கே பணம் மிஞ்சுகிறது என்று பார்ப்போம். முதலில் பன். டீக்கடையிலும் பேக்கரியிலும் 50 கிராம் பன் பத்து ரூபாயிலிருந்து பதினைந்து வரை. 250 கிராம் மைதாவில் எட்டு பன் வரும். 100 மில்லி பால், 20 கிராம் வெண்ணெய், 25 கிராம் சர்க்கரை என்று நல்ல சரக்காகவே போட்டாலும், கரண்டோடு சேர்த்து 38 ரூபாய் தாண்டாது. ஒரு பன் ஐந்து ரூபாய்க்குள். கடையில் எட்டு பன்னுக்கு 80 முதல் 120 கொடுக்கிறோம். ஒரு முறை பன் சுடுவதில் வரும் மிச்சம், இரண்டு சாதா பிரெட் சுடுவதில் வருவதைவிட அதிகம். அதிலும் கடைப் பன்னில் பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதியோ மார்ஜரினோ போடுகிறார்கள். நாம் வெண்ணெயே போட்டும் பாதி விலைக்கு வருகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகளுக்குச் சாயங்காலம் பன் வாங்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அடுப்பு வாங்கும் யோசனையை அந்தச் செலவோடு சேர்த்துப் போடுங்கள். பன் பட்டர் ஜாமுக்கும் பாவ் பாஜிக்கும் இதே மாவுதான்.

அடுத்தது கோதுமை பிரெட். இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். டாக்டர் சொன்னார் என்று மைதாவை விட்டுக் கோதுமை பிரெட்டுக்கு மாறி 55, 65 ரூபாய் கொடுக்கிறவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். எடையில் எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பழுப்பு பிரெட் என்று விற்கும் பலவற்றில் முதல் பெயர் கோதுமை மாவாக இருக்காது. மைதாவாக இருக்கும், கீழே நிறத்துக்குக் கேரமல் என்றும் 150-ல் தொடங்கும் எண் ஒன்றும் இருக்கும். அந்தப் பழுப்பு நிறத்துக்குத்தான் கூடுதல் விலை கொடுத்திருக்கிறோம். கோதுமை வாங்கி மில்லில் அரைத்தால் கூலி சேர்த்துக் கிலோ 48 ரூபாய்க்குள் அடங்கும். 250 கிராம் மாவில் ஒரு பிரெட் 22 ரூபாயில் முடியும், தவிடு எதுவும் சலித்து எடுக்கப்படாமல். கடை விலையோடு பார்த்தால் 35, 40 ரூபாய் மிச்சம், சாப்பிடுவது உண்மையான முழுக் கோதுமை.

செய்யும்போது ஒன்று நினைவிருக்கட்டும். நம் மில் மாவு கல்லில் நசுங்கி அரைபடுவதால் தண்ணீரை நிறைய இழுக்கும். மைதாவுக்கு 160 மில்லி என்றால் இதற்கு 185 வேண்டும். தவிடு மாவின் இழுவையை அறுப்பதால் மைதா அளவுக்கு உயராது. பலூன் மாதிரி எழும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாவைக் கலந்து அரைமணி நேரம் சும்மா ஊறவைத்துவிட்டுப் பிறகு பிசைந்தால் பாதி உழைப்பு குறையும். முதல் சில முறை பாதி மைதா, பாதி கோதுமை என்று தொடங்கிப் பழகியபின் முழுக் கோதுமைக்குப் போவது நல்லது.

ரசாயனப் பயத்தில் வீட்டில் சுட நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2016-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைப் பிரெட்களில், மாவைப் பக்குவப்படுத்தப் போடும் ரசாயனமான பொட்டாசியம் ப்ரோமேட் இருப்பதாகச் சொன்னது. அதே வருஷம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பொருளைத் தடை செய்துவிட்டது. எனவே அந்தக் காரணத்துக்காக மட்டும் பதறி அடுப்பு வாங்க வேண்டியதில்லை. என்ன போடுகிறோம் என்று நமக்கே தெரிந்து சாப்பிடுவது தனி நிம்மதி. அதற்கு நீங்கள் விலை வைத்தால் வையுங்கள், ஆனால் அதை மிச்சக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, கடை ஈஸ்ட் போடாமல் புளிமாவில் செய்யும் சவர்டோ. சென்னை, கோவை, பெங்களூரில் ஒன்று 250 முதல் 350 ரூபாய். வீட்டில் 500 கிராம் மாவு, உப்பு, நீண்ட நேரம் எரியும் அடுப்புக்கு இரண்டு யூனிட் கரண்ட் என்று 40 ரூபாயில் முடியும். வாராவாரம் அதை வாங்கிச் சாப்பிடும் குடும்பம் என்றால் பத்து மாதத்தில் அடுப்பின் விலை வந்துவிடும். ஆனால் இப்போது வாங்காத பிரெட்டை வீட்டில் சுட்டுவிட்டு "300 ரூபாய் மிஞ்சியது" என்று எழுதிக்கொள்வது கணக்காகாது. புளிமாவை வீரியத்தோடு வைத்திருக்கத் தினம் 50 கிராம் மாவு போட்டு மீதியைக் கொட்டினால் வருஷத்துக்கு 18 கிலோ, 900 ரூபாய் சாக்கடையில். ஃப்ரிட்ஜில் வைத்து வாரம் ஒரு முறை மாவு போடுங்கள், மிஞ்சுவதைத் தோசை மாவில் கலந்துவிடுங்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மாவு உப்பும் நேரமும் வேகும் நேரமும் போகக் கை வேலை 25 நிமிஷம்தான். மீதி மூன்று மணி நேரம் அதுபாட்டுக்கு நடக்கும், ஆனால் யாராவது வீட்டில் இருக்க வேண்டும், மணியைப் பார்க்க வேண்டும். வாரம் மூன்று பிரெட் என்றால் மாதத்துக்கு ஐந்து மணி நேரக் கை வேலை. மிச்சம் 260 ரூபாய். அந்த ஐந்து மணி நேரம் யாருடையது? நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மாவின் தலையிலோ மனைவியின் தலையிலோதான் விழுகிறது, அவர்கள் நேரத்துக்கு யாரும் விலை போடுவதும் இல்லை. பிசைவதில் சந்தோஷம் இருக்கிறவர் பிசையட்டும். அவருக்கு அது வேலையாகவே தெரியாது. இட்லி மாவு அரைத்து, டிபன் கட்டி, வேலைக்கும் போய் வருகிற ஒருவர் தலையில் "கடையில் வாங்காதே, மிச்சமாகும்" என்று இதையும் ஏற்றி 260 ரூபாய் சம்பாதித்ததாகச் சொல்வதை நான் மிச்சம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகச் சேர்ந்து நாலு டின் சுட்டு ஃப்ரீசரில் வைப்பது என்றால் அது வேறு. ஒரே பிசைவு, இரண்டே முறை அடுப்பு, கை வேலையும் பாதியாகிவிடும்.

பிசைவதற்கென்று பதினைந்தாயிரம் ரூபாய் மிக்சரோ தானே சுட்டுத் தரும் பிரெட் மெஷினோ வாங்கினால் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும். கைதான் வேண்டும். மாவைக் கலந்து பத்து நிமிஷம் விட்டு ஒரு நிமிஷம் பிசைவது, மறுபடி பத்து நிமிஷம் விட்டு ஒரு நிமிஷம் என்று நாலு முறை செய்தால் போதும். தொடர்ந்து குத்திக் குத்திப் பிசையத் தேவையில்லை. சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்க வேண்டும். ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போனால் பிரெட் செங்கல்லாகும்.

வாங்கும் முன்பு ஒரு மாதம் சோதித்துப் பார்க்க முடியுமா என்றால் முடியும். அடிகனமான பழைய பாத்திரம் ஒன்றில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, இறுக்கமான மூடி போட்டுச் சூடேற்றி, உள்ளே டின்னை வைத்து மிதமான தீயில் 45, 50 நிமிஷம் விடுங்கள். மேல்பக்கம் சிவக்காது, எடுத்துத் திருப்பித் தோசைக்கல்லில் இரண்டு நிமிஷம் வைத்தால் சிவந்துவிடும். கேஸ் 100 கிராம் போகும், சிலிண்டர் விலைப்படி ஆறு ரூபாய். நல்ல பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். தண்ணீரில்லாமல் அவ்வளவு நேரம் காய்ந்தால் குக்கர் கெடும், கேஸ்கட்டும் வெயிட்டும் மாட்டிய நிலையில் காயவைத்தால் ஆபத்தும்கூட. இப்படி ஒரு மாதம் சுட்டுப் பார்த்து வீட்டில் எல்லோரும் முழுசாகச் சாப்பிடுகிறார்கள், உங்களுக்கும் அலுக்கவில்லை என்றால் அப்போது ஓ.டி.ஜி. வாங்குங்கள்.

அளவு கேட்டீர்கள். 28 லிட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள். 16, 19 லிட்டர் அடுப்புகள் மூவாயிரம், நாலாயிரத்துக்குக் கிடைக்கும், ஆனால் அவற்றில் ஒரு டின்தான் ஒழுங்காக வேகும். மேல் கம்பி மிகக் கிட்டே இருப்பதால் உச்சி கருகி உள்ளே மாவாக நிற்கும். 28, 30 லிட்டரில் 400 கிராம் டின்கள் இரண்டு அருகருகே நிற்கும், நடுவில் காற்றுப் போக இடமும் இருக்கும். அதைவிடப் பெரிதாக 40, 50 லிட்டர் போனால் சூடேற்றும் கரண்ட் கூடும், நாலு பேர் வீட்டுக்கு அது வேண்டாம். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் தனித்தனியாகப் போட முடிகிற மாடலாகப் பாருங்கள். அடுப்புக்குள் வைக்கிற தனித் தெர்மாமீட்டர் ஒன்று 300 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் குமிழில் 200 என்று இருக்கும்போது உள்ளே 170-ம் இருக்கலாம், 225-ம் இருக்கலாம். சாதா பிரெட்டுக்கு 190, பன்னுக்கு 180, கோதுமை பிரெட்டுக்கு 200 டிகிரி வைத்துத் தொடங்குங்கள். அடுப்பைச் செருகும் பிளக் 16 ஆம்பியரா என்று வாங்கும் முன் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். மிக்சி போடும் சின்னப் பிளக்கில் 1,600 வாட்டை அரைமணி நேரம் ஓட்டக் கூடாது.